இடிக்குப் பயப்படும் பிள்ளையை மாரிக்கு முன்னர் பழக்குவது எப்படி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் இடிமழைக்கு இரண்டு பருவங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் மற்றது. காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் புழுங்கும், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மேகம் கறுத்து முழங்கத் தொடங்கும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை நன்றாக இறங்கிய பின் இடி குறைந்துவிடும். அப்போது காற்றும், நாட்கணக்கில் விடாத மழையும், குளங்கள் நிரம்பி வான் பாய்வதுமே கவலையாகிவிடும். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையான பிள்ளைகளில் பலர் இந்த மாதங்களில் மேகம் கறுத்தாலே அழுகிறார்கள், சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள், தாயின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். இந்தப் பயத்தைத் தணிக்க வழி இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதியை இடி இல்லாத மாதங்களில்தான் செய்ய வேண்டும்.

அந்த வழிக்குப் பெயர் படிப்படியாகப் பழக்குதல். பயப்படும் ஒன்றை மிகச் சிறிய அளவில், நம்பிக்கையான ஒரு பெரியவரின் பக்கத்தில், பயம் தானாகத் தணியும் வரை சந்திக்க வைப்பது. அது இலகுவானதும் அளவைக் கொஞ்சம் கூட்டுவது. சொன்னால் சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறானது.

பயம் எப்படி வளர்கிறது

திடீரெனப் பெரிய சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுவது பிறவியிலேயே உள்ளது. பிறந்த குழந்தைக்கும் உண்டு, எழுபது வயது அப்பப்பாவுக்கும் உண்டு. என்ன சத்தம் என்று மனம் யோசிக்க முன்னரே நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலே ஏறும், வயிறு பிசையும், கை கால் இறுகும். வளர்ந்தவருக்கு அடுத்த கணமே "இடி, தூரத்தில்" என்று விளங்கி உடம்பு இறங்கிவிடும். சின்னப் பிள்ளைக்கு அப்படி யோசித்துத் தன்னை அடக்கும் திறன் இன்னும் முதிரவில்லை. அது என்ன செய்யும்? பக்கத்தில் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கும். குரலைக் கேட்கும். தன்னைப் பிடித்திருக்கும் கை இறுகுகிறதா, தளர்கிறதா என்று உணரும். இது ஆபத்தா இல்லையா என்ற தீர்ப்பை அங்கிருந்துதான் எடுக்கும்.

இரண்டாவது நிலைதான் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாமல் நடப்பது. இடி முழங்கியதும் பிள்ளையைப் போர்வைக்குள் மூடுகிறோம், காதைப் பொத்துகிறோம், போனில் காட்டூனை உரக்கப் போட்டுக் கையில் கொடுக்கிறோம். பிள்ளை அமைதியாகிறது. ஆனால் உள்ளே பதிவது "இடி ஒன்றும் செய்யவில்லை" என்பதல்ல, "போர்வை காப்பாற்றியது" என்பது. அடுத்த முறை முதல் முழக்கத்துக்கே போர்வை வேண்டும். அதற்கடுத்த முறை மேகத்தைக் கண்டாலே வேண்டும். உடனே ஆறுதல் தந்தது பயத்தின் ஆயுளைக் கூட்டிவிடுகிறது. தப்பி ஓடாமல் பயத்தோடு கொஞ்ச நேரம் இருந்தால் அது உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பிள்ளை தன் உடம்பில் பல தடவை உணர வேண்டும். வாயால் சொல்லி அதை ஏற்ற முடியாது.

வயதுக்கு ஏற்பப் பயத்தின் உள்ளடக்கமும் மாறும். இரண்டு மூன்று வயதில் சத்தம் மட்டுமே பயம். நான்கு ஐந்து வயதில் கற்பனை சேர்கிறது: வானம் உடைகிறது, மேலே யாரோ கோபப்படுகிறார்கள், நான் பொய் சொன்னதால் இடிக்கிறது. "உன்ர தலையில இடி விழ" என்று பெரியவர்கள் ஏச்சில் சொல்வதை இந்த வயதுப் பிள்ளை அப்படியே நம்பும். தன்னை யாரோ ஏசிய அன்று பின்னேரம் இடித்தால் அது தனக்காகவே வந்ததென்று நடுங்கும். அந்த ஏச்சை வீட்டில் நிறுத்துவதே ஒரு வைத்தியம். ஆறு ஏழு வயதில் உண்மையான ஆபத்து தெரியவரும். மின்னல் தாக்கி மாடு செத்தது, வயலில் நின்ற ஒருவர் இறந்தார் என்ற செய்தி காதில் விழும். இந்தப் பிள்ளையிடம் "ஒண்டும் நடக்காது" என்றால் நம்பாது. அதற்குத் தேவை சரியான தகவலும் செய்வதற்கு ஒரு வேலையும்.

பெரியவரின் உடம்பு

வன்னியில் இந்த விடயத்தைத் தொடாமல் எழுதுவது நேர்மையாகாது. போர் முடிந்த 2009 இல் பத்துப் பதினைந்து வயதில் இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன்மார். வெளிச்சம் ஒன்று வெட்டி, சில செக்கன் கழித்து நிலம் அதிரும் சத்தம் வரும் ஒழுங்கு அவர்களின் உடம்புக்கு வேறொன்றை நினைவூட்டும். முழக்கம் கேட்டதும் பிள்ளையை இழுத்து அணைத்துக் குனியும் தாய் அதை யோசித்துச் செய்வதில்லை. அந்தப் பழக்கம் ஒருகாலத்தில் உயிர் காத்தது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் செல் (எறிகணை) சத்தமே கேட்டிராத பிள்ளை அந்தப் பிடியிலிருந்து "இது உயிர் போகிற விடயம்" என்று படித்துக்கொள்கிறது.

ஆகவே முதற்படி பெரியவருக்கு. இரண்டு பாதங்களையும் நிலத்தில் நன்றாக அழுத்துங்கள். மூக்கால் மூன்று எண்ணும் வரை மூச்சை எடுத்து, வாயால் ஐந்து எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், படபடப்பை இறக்குவது அதுவே. கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களை மனதுக்குள் பெயர் சொல்லுங்கள்: கதவு, வாளி, கொடி, பாய், கலண்டர். உடம்பு "இன்று, இந்த வீடு" என்ற நினைப்புக்குத் திரும்பும். மூன்று நான்கு சுற்று மூச்சுக்குப் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த அரை நிமிடத் தாமதத்தால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

அப்படியும் அடங்கவில்லையென்றால் பிள்ளையை அடுத்தவரிடம் கொடுப்பதுதான் சரி. அம்மம்மாவோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, வீட்டில் இடிக்கு உடம்பு துள்ளாத ஆள் யார் என்பதை மாரிக்கு முன்பே பேசி வையுங்கள். பிள்ளையிடம் மறைக்கவும் தேவையில்லை. "அம்மாவுக்கும் சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்குது. மூச்சு விட்டா அடங்கும். வா, ரெண்டு பேரும் விடுவம்" என்றால் போதும். பயம் வரும், போகும், அதைச் சமாளிக்கலாம் என்று பிள்ளை காண்பது, பெரியவர் பயமில்லாதவர் போல நடிப்பதைக் காண்பதைவிட மேல். அந்த நேரத்தில் இடம்பெயர்ந்த கதைகளை மட்டும் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் அறிய வேண்டிய கதைதான், ஆனால் வேறொரு பகலில், கேட்கும் வயது வந்த பிறகு.

வீட்டில் திருத்தக்கூடியவை

பயத்தில் ஒரு பங்கு வானத்திலிருந்து வருவதில்லை, வீட்டின் அமைப்பிலிருந்து வருகிறது. தகரக் கூரையில் கனமழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்காது. பிள்ளையை ஆற்றும் முக்கியமான கருவி தாயின் குரல், அதுவே அந்த நேரத்தில் இல்லாமல் போகிறது. அதனால் குரலுக்குப் பதிலாகத் தொடுகையில் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். கையை மூன்று தடவை மெதுவாக அமத்தினால் "நான் இருக்கிறன்" என்று அர்த்தம், பிள்ளை திருப்பி இரண்டு தடவை அமத்தினால் "எனக்குத் தெரியும்". இதை நல்ல வெயில் நாளில் விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும்.

ஆணி தளர்ந்த தகரம் காற்றில் அடிபடும் சத்தம் மழைச் சத்தத்தைவிட மோசமானது. எப்போது அடிக்கும் என்று தெரியாததால் பிள்ளை அடுத்த அடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். செப்ரெம்பரிலேயே கூரையில் ஏறித் தளர்ந்த ஆணிகளை இறுக்கிவிடுங்கள். வெக்கைக்காகத் தகரத்தின் மேல் கிடுகு பரப்பும் வீடுகளில் மழைச் சத்தமும் குறைவாகவே இருக்கும். காற்றுக்குப் பறக்காதபடி கட்ட வேண்டும்.

மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். இடிக்கிற இரவில் பிள்ளை வெளியே போகப் பயந்து அடக்கிக்கொண்டு கிடக்கும், பிறகு பாயில் போகும், காலையில் ஏச்சு வாங்கும். இடியும் வெட்கமும் சேர்ந்துவிட்டால் பயம் இரட்டிப்பாகும். மேகம் கறுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். இரவுக்கு மூடியுள்ள ஒரு வாளியை அறை மூலையில் வையுங்கள். நனைந்தால் பாயை மாற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுங்கள்.

கரண்ட் போவதும் இடியோடு சேர்ந்தே வரும். பிள்ளைக்கென்று ஒரு சின்ன ரோச் லைற்றை, பற்றரி பார்த்து, அதன் கை எட்டும் ஒரே இடத்தில் எப்போதும் வைத்திருங்கள். லைற் நின்றதும் அதைப் போடுவது பிள்ளையின் வேலை. குப்பி விளக்கைப் பிள்ளை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பதறி எழும் பிள்ளை தட்டிவிடும்.

இடித்துக்கொண்டிருக்கும்போது

பாதுகாப்பு முதலில். இடி காதில் கேட்கிறதென்றால் மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் நிற்கிறோம் என்று கொள்ள வேண்டும். வயல், குளக்கட்டு, கடற்கரை, தனித்து நிற்கும் பனை, பாலை மரத்தடி எல்லாவற்றையும் விட்டுச் சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்குள் வர வேண்டும். வயற்கொட்டிலும் கடற்கரை வாடியும் மழைக்குத்தான் உதவும், மின்னலுக்கு உதவாது. கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே இறங்கக் கூடாது. வீட்டுக்குள் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சார்ஜர் முதலியவற்றின் பிளக்கையும் அன்ரனா வயரையும் மேகம் கூடும்போதே கழற்றிவிடுங்கள். முழக்கம் தலைக்கு மேலே வந்த பிறகு அவற்றில் கை வைக்க வேண்டாம். குளிப்பு, குழாய்த் தண்ணீர், கிணற்றடி வேலை எல்லாம் பிறகு. ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு, கொங்கிறீற் சுவர் இவற்றில் சாயாமல் அறையின் நடுவே பாய் விரித்து இருக்கலாம். சார்ஜில் போடாத கைத்தொலைபேசியைப் பாவிப்பதில் மின்னலால் வரும் தனி ஆபத்து இல்லை.

பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டாம். மூன்று விதி போதும்: உள்ளே வருவது, வயரும் தண்ணீரும் தொடாமல் இருப்பது, பாயில் இருப்பது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் இந்த விதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தால் அது தம்பிக்கும் அப்பாவுக்கும் சொல்லிக்கொண்டு திரியும். செய்ய வேலை உள்ளவருக்குப் பயம் குறைவு.

பிள்ளையை மடியில், அதன் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி இருத்துங்கள். உங்கள் மூச்சின் ஏற்ற இறக்கம் அதன் முதுகுக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்காமலே அதன் மூச்சும் மெதுவாகும். கையை விலாவைச் சுற்றி உறுதியாகப் போடுங்கள், இறுக்க வேண்டாம். தடவிக்கொண்டே இருப்பதைவிட அசையாத கனமான பிடி பலருக்கு நல்லது. பிறகு நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள்: "பெரிய சத்தம். உனக்குப் பயமாக் கிடக்கு. நாங்கள் வீட்டுக்குள்ள இருக்கிறம். அம்மா இஞ்ச இருக்கிறன்." நாலு வசனம். அதை ஐம்பது தடவை சொல்லக் கூடாது. "இடி விழுமா அம்மா?" என்று பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமாதானம் சொன்னால் கேள்வி வளரும். முதல் தடவை முழுமையாகப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது தடவை, "அதுக்கு அம்மா என்ன சொன்னனான்?" என்று கேட்டு அதன் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

"ஒண்டுமில்லை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நிலம் அதிர்கிறது, பெரியவர் ஒன்றுமில்லை என்கிறார். பிள்ளைக்கு அதில் குறைவது பயம் அல்ல, உங்கள் சொல்லில் இருந்த நம்பிக்கை. "பெரிய பிள்ளை, இதுக்குப் போய் அழுறியா, வெக்கமில்லையா" என்பதும் வேண்டாம். அப்படிச் சொன்னால் பிள்ளை பயத்தை மறைக்கப் பழகும், பயம் அப்படியே இருக்கும். அண்ணன் அக்காவின் சிரிப்பையும் பிள்ளை பார்க்காமல் தனியே அழைத்துக் கண்டியுங்கள்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு எண்ணுவது நல்ல வேலை. மின்னலும் இடியும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. மின்னல் பாயும் பாதையில் காற்று கணப்பொழுதில் கிட்டத்தட்ட 30,000 பாகை செல்சியசுக்குச் சூடேறி விரிவதால் எழும் சத்தமே இடி. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ மூன்று செக்கன் எடுத்து நடந்து வரும். மின்னல் வெட்டியதும் "ஒரு பனங்காய், ரெண்டு பனங்காய், மூண்டு பனங்காய்" என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைச் சேர்த்தால் ஒவ்வோர் எண்ணும் ஒரு செக்கனுக்குக் கிட்ட வரும். பதினைந்தில் இடித்தால் ஐந்து கிலோமீற்றர் தூரம். பிறகு அதைப் பிள்ளைக்குத் தெரிந்த இடமாக்குங்கள்: மாங்குளத்தில் இருக்கும் பிள்ளைக்கு "பனிக்கங்குளம் பக்கமா இடிக்குது போல" என்பது எண்ணைவிட நன்றாக விளங்கும். எண்ணிக்கை கூடிக்கொண்டு போனால் இடி விலகிப் போகிறது. இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும் கணத்தில் அதன் முகம் மாறுவதைக் காணலாம்.

இதிலும் ஒரு பிழை நேரும். இடி கிட்ட வந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை குறையும், பிள்ளை அதையும் கவனித்துவிடும். ஐந்துக்குக் கீழே வந்தால் எண்ணுவதை விட்டு மூச்சுக்கு மாறுங்கள். ஊதி அணைக்கும் விளையாட்டு: ஐந்து விரலையும் மெழுகுதிரி என்று வைத்து ஒவ்வொன்றாக நீளமாக ஊதி மடக்குவது. விலகத் தொடங்கியதும் திரும்ப எண்ணலாம். வெளியே நிற்கலாமா என்று தீர்மானிக்க இந்த எண்ணிக்கையை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். முழக்கம் கேட்டால் உள்ளே, அவ்வளவுதான்.

இடிக்கும்போது "அருச்சுனா, அருச்சுனா" என்று சொல்லச் சொல்லும் மூத்தோர் இருக்கிறார்கள். செபம் சொல்லும் வீடுகளும் உண்டு. ஒரே தாளத்தில், தாழ்ந்த குரலில், எல்லோரும் சேர்ந்து சொன்னால் அது மூச்சை ஒழுங்குபடுத்தும், பிள்ளை தனியாக இல்லை என்றும் காட்டும். பதறிக்கொண்டு உரத்த குரலில் சொன்னால் அதே சொற்கள் ஆபத்தை அறிவிக்கும். சொல்லைவிடக் குரலின் அளவுதான் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது.

வெயில் காலத்துப் பயிற்சி

சோழகக் காற்று வீசும் ஜூன் முதல் செப்ரெம்பர் வரையான மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள். பிள்ளை பசியோடோ நித்திரைக் குணத்திலோ இல்லாத நேரமாகப் பாருங்கள்.

தொடங்குமுன் பயத்தை அளக்க ஒரு வழி வேண்டும். கை விரல் போதும்: ஒரு விரலும் நீட்டாவிட்டால் பயமில்லை, ஐந்தும் நீட்டினால் தாங்க முடியாத பயம். முதலில் மேகம், மின்னல், மழை ஆகியவற்றை வரையவும் நிறம் தீட்டவும் விடுங்கள். இடிக்கு ஒரு பெயர் வைக்க விரும்பினால் வைக்கட்டும். அடுத்தது சத்தம் செய்வது: சுளகில் அரிசியைப் போட்டுச் சரித்தால் மழை, பிஸ்கற் ரின்னைத் தட்டினால் இடி. இங்கே சத்தத்தின் சொந்தக்காரர் பிள்ளைதான். எப்போது இடிக்க வேண்டும், எவ்வளவு உரக்க என்பதை அது முடிவு செய்கிறது. பெரியவர் பயந்தது போலவும் பிறகு மூச்சு விட்டு அடங்கியது போலவும் காட்டினால் பிள்ளை அதைப் பார்த்துப் பழகும்.

பிறகு போனில் பதிவு செய்த இடிச் சத்தம். மிகக் குறைந்த ஒலியில் தொடங்குங்கள், நிறுத்தும் பொத்தானில் பிள்ளையின் விரல் இருக்கட்டும். விரல் அளவைக் கேளுங்கள். மூன்று விரல் காட்டினால் அதே ஒலியில், அது ஒன்றுக்கு இறங்கும் வரை இருங்கள். இறங்கிய பிறகே நிறுத்த வேண்டும். இது இந்த முறையின் உயிர்நாடி. நான்கு விரலில் இருக்கும்போது நிறுத்தினால் பிள்ளை கற்பது தப்பி ஓடுவதை. தொடக்கத்திலேயே ஐந்து விரல் காட்டினால் படி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், போனை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திக் கேட்க வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரு விரலுக்கு மேல் வராவிட்டால் ஒலியை ஒரு படி கூட்டலாம். நல்ல ஒலியில் இயல்பாக இருக்கத் தொடங்கிய பின், அறையை இருட்டாக்கி ரோச் லைற்றை வெட்டி மின்னலையும் சேருங்கள்.

மழை தொடங்கும் காலத்தில், இடியில்லாத மழையைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருப்பது அடுத்த படி. பிறகு தூரத்து முழக்கத்தின்போது வீட்டுக்குள் இருந்து எண்ணுவது. அதன் பின் கிட்டத்து இடியின்போது மடியில், பிறகு பக்கத்தில், கடைசியில் நீங்கள் அடுத்த அறையில். காதைப் பொத்தும் பிள்ளைக்கு முதலில் இரண்டு கையாலும், பிறகு ஒரு கையால், பிறகு கையைக் கன்னத்தில் வைத்தபடி என்று அதையும் படிப்படியாகக் குறைக்கலாம்.

பயிற்சி குழம்புவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். ஒரு நாள் நன்றாகச் செய்தது என்று இரண்டு படி தாண்டுவது. நடுவில் பல நாள் விட்டுவிட்டுத் திரும்ப அதே இடத்தில் தொடங்குவது (ஒரு படி கீழிறங்கித் தொடங்க வேண்டும்). மூன்றாவது, பயம் தெளியட்டும் என்று வீட்டில் யாரோ பின்னால் வந்து பெரிய சத்தம் போடுவது. இந்த மூன்றாவது பல வாரத்து உழைப்பை ஒரு கணத்தில் அழித்துவிடும், தெரியாத நேரத்தில் சத்தம் வராது என்ற உறுதியில்தான் முழுப் பயிற்சியும் நிற்கிறது. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சத்தம் வந்தும் பத்து வரைக்கும் எண்ணி முடிச்சாய்" என்று செய்ததைச் சொல்லுங்கள்.

முன்பள்ளி, பாடசாலை ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கத்தினால் முப்பதும் கத்தும். ஆசிரியர் எல்லோரையும் சேர்த்து எண்ண வைத்தால் அதே தொற்றல் நல்ல பக்கம் வேலை செய்யும். பயமுள்ள பிள்ளையை ஜன்னலோரத்திலிருந்து உள்வரிசைக்கு மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பிவிடுவது உதவாது.

புயலையும் வெள்ளத்தையும் கண்ட பிள்ளை

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம், 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்த புரெவிப் புயல், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். இப்படியொன்றில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைக் கண்ட பிள்ளையின் பயம் கற்பனையிலிருந்து வந்ததல்ல. அதற்கு மேலே சொன்ன பயிற்சியை உடனே தொடங்கக் கூடாது. முதலில் உணவு, நித்திரை, விளையாட்டு, பள்ளி என்ற அன்றாட ஒழுங்கு திரும்ப வேண்டும். தண்ணீர் வருவதையும் ஓடுவதையும் திரும்பத் திரும்ப விளையாடுவது, வரைவது, அதே கேள்வியைக் கேட்பது எல்லாம் முதல் சில வாரங்களில் இயல்பானவை, தடுக்க வேண்டாம். வெள்ளக் காட்சிகள் ஓடும் தொலைக்காட்சியையும் போன் காணொளிகளையும் மட்டும் தடுங்கள். சின்னப் பிள்ளைக்கு அது பழைய காட்சி என்று தெரியாது, ஒவ்வொரு முறையும் புதிதாக வெள்ளம் வருவதாக நினைக்கும்.

எச்சரிக்கை வந்த நாளில் பையைச் சேர்ந்து அடுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, மருந்து, உடுப்பு, பிஸ்கற், தண்ணீர் பெரியவர் பங்கு. ரோச் லைற், ஒரு விளையாட்டுப் பொருள், பழக்கமான போர்வை பிள்ளை பங்கு. எங்கே போவோம், யாரோடு போவோம், நாய்க்குட்டியை என்ன செய்வோம் என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பாடசாலையில் தங்க நேர்ந்தால் முதல் இரவே வழக்கமான நேரத்தில் வழக்கமான பாட்டோ கதையோ சொல்லிப் படுக்க வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எப்போது உதவி தேட வேண்டும்

பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, மழை இல்லாத நாளிலும் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்குப் போக மறுத்தால், நின்றுபோன பாய் நனைத்தல் திரும்ப வந்து நிற்காவிட்டால், வெள்ளம் போன்ற உண்மையான அனுபவத்துக்குப் பிறகு ஒரு மாதம் கடந்தும் கனவில் கத்தி எழுந்தால், பயிற்சியில் எந்தப் படியிலும் விரல் இறங்காவிட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். இடிக்கு மட்டுமன்றி மிக்ஸி, கோயில் மேளம், மோட்டார் சைக்கிள் என்று எல்லாச் சத்தத்துக்கும் காதைப் பொத்தும் பிள்ளைக்குக் காதையும் வளர்ச்சியையும் சோதிக்க வேண்டும். அங்கே வேறு காரணம் இருக்கலாம்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ வழிகாட்டுவார். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. இடிச் சத்தத்தில் தன் உடம்பு அடங்காத தாய் தகப்பனும் அதே இலக்கத்தை அழைக்கலாம், அவர்களின் பயம் தணிந்தால் பிள்ளையின் பயிற்சி பாதி முடிந்த மாதிரி. போகும்போது ஒரு தாளில் நான்கு விடயம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, இடிக்கும்போது பிள்ளை சரியாக என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது.